நடத்தையை எங்கே வெட்டுவது? நான்கு வழிகளின் ஒப்பீடு

யாப்பு படித்தவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். செய்யுளைப் பொருள் பார்த்துச் சொல் சொல்லாகப் பிரித்தால் வெட்டு ஓரிடத்தில் விழும். ஓசை பார்த்துச் சீர் சீராக அலகிட்டால் வேறிடத்தில் விழும். ஒரே சொல் உடைந்து, பாதி இந்தச் சீரிலும் மீதி அடுத்த சீரிலுமாக நிற்பதற்கு வகையுளி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். விலங்கின் இயல்பான நடத்தையை அலகுகளாகப் பிரிக்க உட்காருபவருக்கும் இதே சங்கடம்தான். கண்ணுக்குப் பொருள்படும் வெட்டு ஒன்று, அசைவின் வடிவம் காட்டும் வெட்டு ஒன்று. போதாக்குறைக்கு, அந்த விலங்கின் மூளை தனக்குள் போட்டுக்கொள்ளும் வெட்டு வேறு.

இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் பலர் வீடியோவில் நடத்தையை அலகுகளாக வெட்டித் தரும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, நரம்புப் பதிவும் நடத்தை லேபிளும் ஒட்டாதபோது எங்கே தவறியது என்று தேடுகிறார்கள். தவறு பெரும்பாலும் தேர்வு செய்த அன்றைக்கே நடந்திருக்கும்: எந்தக் காலஅளவில் அலகு வேண்டும் என்பதை முடிவு செய்யாமலேயே கருவியை முடிவு செய்திருப்பார்கள். கருவி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கடிகாரத்தோடு வருகிறது. வெளியே வரும் அலகின் நீளத்தில் பாதி அந்தக் கடிகாரம் சொன்னதுதான்.

மூளை எங்கே வெட்டுகிறது

முதலில், மூளைக்குள் அலகு என்று ஒன்று உண்டு என்பதற்குக் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கருவியை உரசிப் பார்க்கும் கல் அதுதான்.

மிகத் துல்லியமான சான்று ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு பறவையின் பாட்டில் இருக்கிறது. எச்விசி என்ற மூளைப் பகுதியிலிருந்து ஆர்ஏ என்ற அடுத்த நிலையத்துக்குச் செல்லும் நரம்பணுக்களை ஹான்லோசர், கொஷேவ்னிகோவ், ஃபீ ஆகியோர் 2002-ல் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு அணுவும் முழுப் பாட்டுத்துணுக்கிலும் ஒரே ஒரு முறை, 10 மில்லிநொடிக்குள் அடங்கும் ஒரு மின்துடிப்பு வெடிப்பாகச் சுடுகிறது. மறுபடி பாடும்போதும் அதே இடத்தில். 2008-ல் லாங்கும் ஃபீயும் எச்விசியைக் குளிர்வித்தார்கள். பாட்டு மொத்தமும் சீராக மெதுவானது. ஆர்ஏவைக் குளிர்வித்தபோது அப்படி ஆகவில்லை. அதாவது இங்கே கடிகாரத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அதன் துடிப்பு நாம் காதால் கேட்கும் அசையைவிட மிகச் சிறியது.

பாலூட்டிகளில் கதை வேறு. ஆன் கிரேபியலின் குழு 1999-ல் எலிகளை டி வடிவப் பாதையில் ஓடப் பழக்கியது. பழக்கம் ஊறிய பிறகு ஸ்ட்ரையேட்டம் என்ற உள்மூளைப் பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் உரக்கச் சுட்டன, நடுவில் அடங்கின. ஒரு வாக்கியத்துக்கு அடைப்புக்குறி போட்டதுபோல. ஜின்னும் கோஸ்டாவும் 2010-ல் சுண்டெலிகளுக்கு நெம்புகோலை 8 முறை தொடர்ந்து அழுத்தக் கற்றுக்கொடுத்தபோதும் இதே தொடக்க-முடிவு சமிக்ஞைகள் தென்பட்டன. இங்கே அலகு என்பது ஓர் அழுத்தமா, 8 அழுத்தங்களின் வரிசையா? அடைப்புக்குறி விழுந்தது வரிசைக்கு.

மனிதரில் அலகு இன்னும் நீளம். 1973-ல் நியூட்சன் காட்டிய முறை எளிது: வீடியோவைப் பார்த்துக்கொண்டே, ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குவதாகத் தோன்றும்போது பொத்தானை அழுத்த வேண்டும். வெவ்வேறு ஆட்கள் ஏறத்தாழ ஒரே இடங்களில் அழுத்துகிறார்கள். பால்டசானோவும் சகாக்களும் 2017-ல் எஃப்எம்ஆர்ஐ என்ற மூளைப் படத் தரவில் மறைந்த மார்க்கோவ் மாதிரியை (நேரே தெரியாத நிலைகள் எங்கே மாறுகின்றன என்று தரவிலிருந்து ஊகிக்கும் கணக்கு) ஓட்டியபோது, புலனுணர்வுப் பகுதிகளில் குறுகிய துண்டுகளும் மேல்நிலைப் பகுதிகளில் நீண்ட துண்டுகளும் வந்தன. ஒரே நேரத்தில் ஒரே மூளையில் பல நீளங்களில் வெட்டு நடக்கிறது. ஆகவே ‘நடத்தையின் அலகு எவ்வளவு நீளம்’ என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாக எதிர்பார்க்க வேண்டாம். எந்தப் பகுதியில் மின்முனை வைக்கப் போகிறீர்கள் என்பதே எண்ணைத் தீர்மானிக்கும்.

ஓர் எழுச்சி, மூன்று கணக்கு

சுண்டெலி பின்கால்களில் எழுந்து நிற்பதை எடுத்துக்கொள்வோம். வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம். 1-வது ஃபிரேமில் நான்கு கால்களும் தரையில், மூக்கு சுவரருகே. 4-ல் கழுத்து நிமிரத் தொடங்குகிறது. 6-ல் ஒரு முன்கால் தரையை விடுகிறது, 8-ல் இரண்டும். 13-ல் உடல் செங்குத்து. 13 முதல் 21 வரை நிற்கிறது. தலை மட்டும் அங்கும் இங்கும் ஆடுகிறது. 22-ல் இறங்கத் தொடங்கி, 28-ல் முன்கால்கள் தரையைத் தொடுகின்றன.

கையால் குறிப்பவருக்கு இது ஒரே நிகழ்வு: ‘எழுதல்’. ஆனால் அது 4-ல் தொடங்கியதா, 6-லா, 8-லா? நான்கு ஃபிரேம் வித்தியாசம் என்பது 133 மில்லிநொடி. வடிவத்தைப் பார்த்துத் தானாக வெட்டும் மென்பொருளுக்கு இது மூன்று: ஏறுதல், நிற்றல், இறங்குதல். மூளைப் பதிவை வைத்து வெட்டினால் 4-க்கு முன்பே, எதுவும் அசையாதபோதே, எல்லை விழக்கூடும். இயக்கத்தை ஏவும் சமிக்ஞை இயக்கத்துக்கு முந்தியது. எதுவும் தவறில்லை. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான் தவறு.

முதல் வழி: கண்ணும் கையும்

லோரன்ஸ், டின்பெர்கன், ஃபிரிஷ் மூவரும் 1973-ல் நோபல் பரிசு பெற்ற அதே துறையின் பழைய முறை. நடத்தைப் பட்டியல் ஒன்று எழுதி, வீடியோவை ஓட்டி, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பது. போரிஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். விசைப்பலகையில் ஒவ்வொரு நடத்தைக்கும் ஓர் எழுத்து.

இதை ‘பழசு’ என்று ஒதுக்குபவர்களோடு உடன்பட முடியாது. நிகழ்வு நீளமானதாகவும் பெயருள்ளதாகவும் இருந்தால் கையை மிஞ்ச ஆள் இல்லை. குறுகிய நிகழ்வுகளில்தான் கதை கெடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேர் ஒரே நிகழ்வைக் குறிக்கிறார்கள். ஒருவரின் குறி மற்றவருடையதைவிட இரு முனையிலும் 3 ஃபிரேம் தள்ளி விழுகிறது. நிகழ்வு 4 நொடி நீளும் உடல் சுத்தம் செய்தல் என்றால் 120 ஃபிரேம். பொதுவாக விழுவது 117, இருவரும் சேர்ந்து குறித்தது 123, ஒப்புதல் 0.95. நிகழ்வு 400 மில்லிநொடித் தலைத்திருப்பம் என்றால் 12 ஃபிரேம். பொது 9, மொத்தம் 15, ஒப்புதல் 0.6. அதே மனிதர்கள், அதே கவனம், அதே 100 மில்லிநொடிப் பிசகு. ஆகவே கப்பா போன்ற ஒப்புதல் எண்ணை எல்லா நடத்தைக்கும் சேர்த்து ஒற்றையாக அறிவிப்பதில் பயனில்லை. நடத்தை வாரியாகப் போடுங்கள். எல்லைப் பிசகு எத்தனை ஃபிரேம் என்பதைத் தனியாகப் போடுங்கள்.

தொடக்கத்தை வரையறுக்கும்போது உடலுறுப்பைச் சொல்லி எழுத வேண்டும். ‘எழத் தொடங்குதல்’ என்று எழுதினால் மேலே சொன்ன மூன்று ஃபிரேம்களும் சரியே. ‘இரண்டாவது முன்கால் தரையை விட்ட முதல் ஃபிரேம்’ என்று எழுதினால் 8 மட்டுமே சரி. 10 நிமிட வீடியோவிலேயே 18,000 ஃபிரேம் இருப்பதால் எல்லாவற்றையும் கையால் குறிப்பது நடக்காத காரியம். ஆனால் வேறு எந்த வழியில் போனாலும் 2 அல்லது 3 விலங்குகளின் 10 நிமிடங்களை இருவர் தனித்தனியாகக் குறித்து வைத்திருங்கள். பின்னால் அது தேவைப்படாமல் போனதே இல்லை.

இரண்டாம் வழி: கற்றுக்கொடுத்து வகைப்படுத்துதல்

கொஞ்சம் கையால் குறித்து, மீதியைக் கணினியிடம் விடுவது. முதலில் டீப்லேப்கட் அல்லது ஸ்லீப் கொண்டு மூக்கு, காது, முதுகு, வாலடி என்று உடற்புள்ளிகளைப் பின்தொடர வேண்டும். டீப்லேப்கட் 2018-ல் வெளிவந்தபோது ஏறத்தாழ 200 ஃபிரேம்கள் குறித்தாலே மனிதருக்கு இணையான துல்லியம் வரும் என்று காட்டியதுதான் அதன் பெருமை. பிறகு சிம்பா அந்தப் புள்ளிகளிலிருந்து தூரம், வேகம், கோணம் முதலியவற்றைக் கணக்கிட்டு, ராண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கெடுப்பு) என்ற வகைப்படுத்தியைப் பயிற்றுவிக்கிறது. 2013-ல் வந்த ஜாபா இதே எண்ணத்தின் முன்னோடி. உடற்பாதைத் தரவில் வேலை செய்யும், ஈக்களுக்கு இன்றும் நன்றாகப் போகும்.

கெடும் இடங்கள் மூன்று. முதலாவது, அரிய நடத்தை. 18,000 ஃபிரேமில் தாக்குதல் 180 மட்டும் என்றால், எப்போதும் ‘தாக்குதல் இல்லை’ என்று சொல்லும் மென்பொருளும் 99 சதவீதம் சரி. துல்லியம் என்ற எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு எஃப்1 மதிப்பைப் பாருங்கள் (உண்மையில் நடந்ததில் எவ்வளவு பிடித்தது, பிடித்ததில் எவ்வளவு சரி என்ற இரண்டையும் சேர்த்த எண்). இரண்டாவது, சோதனைத் தரவைப் பிரிக்கும் விதம். ஃபிரேம்களைக் குலுக்கிப் பிரித்தால் 501-வது ஃபிரேம் பயிற்சியிலும் 502-வது சோதனையிலும் போய் நிற்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே படம். மதிப்பெண் அள்ளும், புதிய விலங்கில் சரியும். விலங்கு வாரியாகப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது மூளைக் கேள்விக்கு நேரடியாக இடையூறு செய்வது. ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்கும் விடையை மென்மையாக்க, குறைந்தபட்ச நிகழ்வு நீளம் என்று ஒன்றை வைக்கச் சொல்வார்கள். அதை 200 மில்லிநொடியாக வைத்தால் அதற்குக் குறைந்த உண்மையான அசைவு எதுவும் தரவில் இராது. பிறகு ‘இந்த விலங்கின் மிகக் குறுகிய செயல் 200 மில்லிநொடி’ என்று எழுதுவது, நம் கத்தரிக்கோலின் அகலத்தை விலங்கின் மேல் ஏற்றிச் சொல்வது.

இந்த வழியின் அடிப்படை எல்லை வேறு: நீங்கள் கற்றுக்கொடுத்த பெயர்களை மட்டுமே அது திருப்பித் தரும். பட்டியலில் இல்லாத அலகு மூளையில் இருந்தாலும் இதில் தெரியாது.

மூன்றாம் வழி: பெயரில்லாமல், தானாக

இங்கேதான் அதிக ஆசையும் அதிக ஏமாற்றமும். எல்லாவற்றையும் ‘மேற்பார்வையற்ற முறை’ என்று ஒரே பையில் போட்டுவிடுவார்கள். உள்ளே இரண்டு வேறுபட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

ஒரு குடும்பம் ஜன்னல் வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு கணத்துக்கும் அதைச் சுற்றிய சில நூறு மில்லிநொடியின் அசைவை எண்களாக்கி, ஒத்தவற்றை ஓரிடத்தில் குவிக்கிறது. பெர்மனும் சகாக்களும் 2014-ல் பழ ஈக்களுக்குச் செய்த மோஷன்மேப்பர் இதன் தாய்: நொடிக்கு 100 படம், 1 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான 25 அலைவரிசைகளில் வேவ்லெட் கணக்கு (எந்தக் கணத்தில் எந்த வேகத் தாளம் என்று அளப்பது), அதை டி-எஸ்என்இ கொண்டு இரண்டு பரிமாண வரைபடமாகத் தட்டையாக்கி, மேடு பள்ளம் பார்த்து எல்லை வரைதல். நூற்றுக்கும் மேற்பட்ட தனித்த அசைவுகள் கிடைத்தன. பி-சாய்டு, வேம் ஆகியவை உடற்புள்ளிகளை வைத்து இதே திசையில் போகின்றன. சிறகடிப்பு, கால் உரசல், நடை போன்ற சுழல்அசைவுகளுக்கு இந்தக் குடும்பம் அருமை. ஆனால் ஜன்னல் அகலம் வெட்டின் துல்லியத்தைத் தின்றுவிடும். அரை நொடி ஜன்னலும் 350 மில்லிநொடி அசைவும் என்றால், ஒவ்வொரு ஜன்னலிலும் குறைந்தது இரண்டு அசைவுகளின் கலவை இருக்கும். எல்லையருகே கிடைக்கும் ‘புதிய வகை’ பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

இன்னொரு குடும்பம் காலத்தையே மாதிரிக்குள் வைக்கிறது. ஹார்வர்டில் சந்தீப் ராபர்ட் தத்தாவின் ஆய்வகம் 2015-ல் வெளியிட்ட மோசீக் இதன் தலைமகன். ஆழமறியும் கேமரா, நொடிக்கு 30 ஃபிரேம், உடல் வடிவத்தின் முதன்மைக் கூறுகள் (வடிவ மாறுபாட்டைச் சுருக்கிச் சொல்லும் சில எண்கள்), அதன்மேல் தன்பின்னடைவு (முந்தைய ஃபிரேம்களிலிருந்து அடுத்ததைக் கணிக்கும்) மறைந்த மார்க்கோவ் மாதிரி. ஒவ்வொரு நிலையும் உடல் எப்படி நகரும் என்பதற்கு ஒரு சிறு விதி. விதி மாறும் இடமே எல்லை. அவர்கள் அந்தத் துண்டுகளுக்கு ‘சிலபிள்’ என்றே பெயரிட்டார்கள். தமிழில் அசை என்றால் தவறில்லை. 2024-ல் வந்த கீபாயிண்ட்-மோசீக் இதையே சாதாரண வீடியோவின் உடற்புள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அது தேவைப்பட்ட காரணம் சுவையானது: உடற்புள்ளிகள் நடுங்கும். விலங்கு அசையாமல் இருக்கும்போதும் மூக்குப் புள்ளி ஓரிரு பிக்சல் துள்ளும், சில சமயம் காதுக்குத் தாவிவிடும். பழைய மாதிரி ஒவ்வொரு துள்ளலையும் புதிய அசை என்று எண்ணிக்கொண்டது. புதிய மாதிரி உண்மையான உடல் நிலையையும் கண்டறிதலின் இரைச்சலையும் பிரித்துக் கணிக்கிறது.

செயல்முறை ஏறத்தாழ இப்படி. வால் புள்ளிகளை விட்டுவிடுங்கள். அவை இரைச்சல் மிகுந்தவை, வாலடி போதும். 90 சதவீத மாறுபாட்டை விளக்கும் அளவு முதன்மைக் கூறுகளை எடுங்கள். முதலில் 50 சுற்று எளிய மாதிரி, பிறகு 500 சுற்று முழு மாதிரி. 0.5 சதவீதத்துக்கும் குறைவாக வரும் அசைகளைப் பகுப்பாய்வில் சேர்க்க வேண்டாம். ஆழக் கேமரா வழிக்கு 10 மணிநேரம், அதாவது சுமார் 10 லட்சம் ஃபிரேம், நல்ல குறி. எல்லாக் குழுக்களையும் ஒரே மாதிரியில் சேர்த்தே பொருத்துங்கள். மருந்து கொடுத்த விலங்குக்கு ஒன்று, கொடுக்காததற்கு ஒன்று என்று தனித்தனியாகப் பொருத்தினால் ஒன்றின் 7-வது அசைக்கும் மற்றதன் 7-வது அசைக்கும் சம்பந்தமே இருக்காது. இரு குழுக்களின் உடற்பருமன் வேறுபட்டால் அதையும் கவனியுங்கள். குண்டு எலியின் நடையும் ஒல்லி எலியின் நடையும் இரண்டு அசைகளாகப் பிரிந்து, மரபணுவின் விளைவு என்று நம்மை ஏமாற்றும்.

இப்போது முக்கியமான திருகு. மாதிரியில் கப்பா என்றொரு ஒட்டும் தன்மை இருக்கிறது (மேலே சொன்ன ஒப்புதல் கப்பாவுக்கும் இதற்கும் உறவில்லை, பெயர் மோதல்தான்). அதைக் கூட்டினால் நிலைகள் மாறத் தயங்கும், அசைகள் நீளும், குறைத்தால் குறுகும். எவ்வளவு வைப்பது? அசையின் நடுவண் நீளம் 400 மில்லிநொடி, அதாவது 12 ஃபிரேம் அருகே வரும்வரை திருகச் சொல்கிறது மோசீக்கின் வழிகாட்டி. அந்த எண் வெறும் கற்பனையல்ல. 2015 ஆய்வில், மாதிரி எதுவும் இல்லாமல் மூலத் தரவில் திடீர் மாற்றப் புள்ளிகளைத் தேடியபோதே சுமார் 350 மில்லிநொடித் துண்டுகள் கிடைத்தன. ஆனால் ஒருவர் 400-க்குத் திருகிவிட்டு, ‘எங்கள் விலங்கிலும் அசை 400 மில்லிநொடி’ என்று எழுதினால் அது கண்டுபிடிப்பல்ல, உள்ளீடு. சுண்டெலி அல்லாத விலங்குக்கு இந்த எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. முதலில் அந்த விலங்கின் மாற்றப் புள்ளிகளைத் தனியே கணக்கிட்டு, அந்த இடைவெளிக்கேற்பத் திருக வேண்டும்.

மாதிரி தரும் நீளப் பரவலையும் சந்தேகத்தோடு பாருங்கள். சாதாரண மார்க்கோவ் நிலையில் அடுத்த ஃபிரேமிலும் தங்கும் நிகழ்தகவு 0.917 என்றால் சராசரி நீளம் 12 ஃபிரேம். ஆனால் அந்தக் கணக்கின்படி மிக அதிகமாக வரக்கூடிய நீளம் 1 ஃபிரேம்! எந்த விலங்கும் 33 மில்லிநொடியில் எழுந்து நிற்பதில்லை.

மூளையோடு ஒட்டிப் பார்த்ததில் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண் உண்டு. மார்கோவிட்ஸும் சகாக்களும் 2018-ல், ஸ்ட்ரையேட்டத்தின் மேல்பக்கவாட்டுப் பகுதியின் நேர், மறைமுகப் பாதைகள் (அங்கிருந்து கிளம்பும் இரண்டு நரம்புத் தடங்கள்) இரண்டின் செயல்பாடும் அசைகளோடு தொடர்ந்து மாறுவதைக் காட்டினார்கள். அந்தப் பகுதியைச் சேதப்படுத்தியபோது, சூழலுக்கேற்ற வரிசையில் அசைகளைக் கோக்க விலங்குகளுக்கு முடியவில்லை. 1996-ல் குரோம்வெல், பெர்ரிட்ஜ் இருவரும் எலியின் உடல் சுத்தம் செய்யும் சங்கிலியில் கண்டதும் இதேதான்: அதே பகுதி சிதைந்தபோது ஒவ்வோர் அசைவும் வந்தது, சங்கிலி முடியவில்லை. இரண்டு வேறு காலம், இரண்டு வேறு வெட்டுமுறை, ஒரே விடை. இந்தத் துறையில் இதைவிடத் தெம்பூட்டும் ஒற்றுமை அதிகமில்லை.

நான்காம் வழி: மூளைப் பதிவிலிருந்தே வெட்டுதல்

நடத்தையைப் பாராமல் நரம்புச் செயல்பாட்டில் மறைந்த மார்க்கோவ் மாதிரியை ஓட்டி, நிலை மாறும் இடத்தை எல்லை என்பது. கேட்க நேர்மையாக இருக்கிறது. 302 நரம்பணுக்களே கொண்ட சி.எலிகன்ஸ் புழுவில் இது நன்றாகப் போகிறது. முன்னே ஊர்தல், பின்னே ஊர்தல், திரும்புதல் ஆகியவற்றை மூளை முழுவதன் பாதையிலேயே காணலாம். பெரிய மூளையில், நூறு அணுக்களைப் பதிவு செய்துவிட்டு இதைச் செய்தால், விழிப்பும் உறக்கமயக்கமும், விலங்கு ஓடுகிறதா நிற்கிறதா என்பதும்தான் முதல் நிலைகளாக வந்து நிற்கும். 2019-ல் ஸ்ட்ரிங்கர் குழுவும் முசால் குழுவும் காட்டியபடி, மூளைப் புறணி முழுவதும் உடல் அசைவின் சமிக்ஞை பரவிக் கிடக்கிறது. ஆகவே அலகு கிடைத்தது என்று நினைப்பது பல சமயம் வேகமானியாக இருக்கும். முதல் வழியாக இதைத் தேர்வு செய்ய வேண்டாம். மற்ற வழியில் கிடைத்த எல்லைகளைச் சரிபார்க்க இரண்டாவதாக ஓட்டலாம்.

எந்த வழியானாலும் செய்ய வேண்டிய சோதனைகள்

கடிகாரம் ஒத்துப்போகிறதா என்பது முதலில். கேமரா 30 என்று சொல்லி 29.97-ல் ஓடினால், ஒரு மணிநேரத்தில் 1,08,000-க்குப் பதில் 1,07,892 ஃபிரேம். 108 ஃபிரேம் குறைவு, 3.6 நொடி நகர்வு, அதாவது ஒன்பது அசைகள். பதிவின் முதல் ஐந்து நிமிடத்தில் அழகாக ஒட்டி, கடைசியில் ஒட்டாத தரவு என்றால் மூளையைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். தீர்வு மலிவு: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா அனுப்பும் மின்துடிப்பை நரம்புப் பதிவுக் கருவியிலேயே சேர்த்துப் பதிவது, கூடவே வீடியோவின் மூலையில், ஒழுங்கற்ற இடைவெளியில் மின்னும் ஓர் எல்இடி. ஒழுங்கான இடைவெளியில் மின்னினால் எந்த மின்னல் எதோடு பொருந்தும் என்று குழம்பி, விழுந்துபோன ஃபிரேம்கள் தெரியாமல் போகலாம்.

அடுத்தது சமிக்ஞையின் வேகம். ஒற்றைத் துடிப்புக்குப் பிறகு ஜிகேம்ப்6எஃப் என்ற கால்சியம் உணர்வியின் (நரம்பணு சுட்டால் ஒளிர்வது) ஒளி பாதியாகக் குறைய ஏறத்தாழ 140 மில்லிநொடி ஆகும், ஜிகேம்ப்6எஸ்ஸுக்கு 550. 400 மில்லிநொடி அசைகளை 6எஸ் கொண்டு பார்ப்பது, ஈர எழுத்தின்மேல் அடுத்த எழுத்தை எழுதுவது போல. முந்தைய அசையின் வால் இந்த அசையின் தலையில் விழும். மின்முனையாக இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் கம்பியும் தலைப்பாரமும் எழுந்து நிற்பதையே குறைத்துவிடும். கம்பி கட்டிய விலங்கின் வீடியோவும் மாதிரிப் பொருத்தலில் சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தற்செயல் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். மாதிரியின் எல்லைகளில் 50 சதவீதம், மாற்றப் புள்ளிக்கு 100 மில்லிநொடி முன்பின்னாக விழுகின்றன என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். மாற்றப் புள்ளிகள் சராசரி 400 மில்லிநொடி இடைவெளியில் இருந்தால், 200 மில்லிநொடி அகல ஜன்னல் காலத்தில் பாதியை மூடிவிடும். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலே 50 சதவீதம் வரும். ஜன்னலை ஒரு ஃபிரேம் முன்பின்னாகக் குறைத்தால் தற்செயல் 12-க்கு 3, அதாவது 25 சதவீதம். அப்போது கிடைக்கும் 50 பேசும். தற்செயலை அளக்கக் குலுக்கும்போதும் எல்லைகளைத் தனித்தனியே கலைக்கக் கூடாது; லேபிள் வரிசை முழுவதையும் வட்டமாக நகர்த்துங்கள், நீளப் பரவலும் வரிசையும் கெடாமல் இருக்கும்.

கடைசியாக வேகம். எல்லை என்பது பெரும்பாலும் வேகம் மாறும் இடம். எல்லையில் நரம்பணு சுட்டால், அது எல்லைக்காகச் சுட்டதா, வேக மாற்றத்துக்காகவா? வேகமும் முடுக்கமும் ஒத்த, ஆனால் எல்லை இல்லாத கணங்களைத் தேடி எடுத்து ஒப்பிடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பல முடிவுகள் இந்த ஒரு சோதனையில் கரைந்துபோகும்.

யாருக்கு எது

ஒரு குறிப்பிட்ட நடத்தை, அதற்குப் பெயர் இருக்கிறது, ஒரு நொடிக்கு மேல் நீள்கிறது: இரண்டாம் வழி. அரிதாக வந்தால், விலங்குகளும் பத்துக்குள் என்றால், முதல் வழியே போதும். மென்பொருள் நிறுவும் நேரத்தில் குறித்து முடித்துவிடலாம். மருந்தோ மரபணுவோ நடத்தையை எப்படி மாற்றுகிறது, எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை: மூன்றாம் வழியின் கால மாதிரி. ஸ்ட்ரையேட்டம், டோபமின் பற்றிய கேள்வி என்றாலும் அதுவே. ஏனென்றால் அங்கே முன்பே ஒட்டிப் பார்த்த தரவு இருக்கிறது, உங்கள் விடையை வைத்து ஒப்பிடலாம். ஈ, பூச்சி, தாளத்தோடு உறுப்பசைக்கும் எதுவும்: ஜன்னல் குடும்பம், நொடிக்கு 100 ஃபிரேமுக்குக் குறையாமல்.

ஜீப்ரா மீன் குஞ்சு என்றால் பாதிச் சண்டை தானே தீர்ந்துவிடும். அது தொடர்ந்து நீந்துவதில்லை. வெட்டி வெட்டி நீந்துகிறது, நடுவில் ஓய்வு. வால் அசையத் தொடங்கியது முதல் நின்றது வரை ஒரு துண்டு. எல்லை போட எந்த மாதிரியும் வேண்டாம். மார்கேஸும் சகாக்களும் 2018-ல் நொடிக்கு 700 படமெடுத்து இந்தத் துண்டுகளை 13 வகையாக்கினார்கள். இந்த மீனுக்கு மோசீக் வகை மாதிரியை ஓட்டி எல்லை தேடுவது, கதவு திறந்திருக்கும்போது சுவரை இடிப்பது.

புழு எதிர்முனை. ஸ்டீஃபன்ஸும் சகாக்களும் 2008-ல் சி.எலிகன்ஸின் உடல் வளைவுகளில் 95 சதவீத மாறுபாட்டை நான்கே அடிப்படை வடிவங்களால் விளக்கினார்கள். நான்கு எண்கள் தொடர்ந்து மாறும் ஒரு கோடாகவே நடத்தையை எழுதிவிட முடியும்போது, அதை வெட்ட வேண்டுமா என்றே கேட்கலாம். உங்கள் விலங்கிலும் முதன்மைக் கூறுகளை நரம்புப் பதிவின்மேல் நேரடியாகப் பொருத்தி, அதே தரவில் அசை லேபிள்களையும் பொருத்தி, எது அதிகம் கணிக்கிறது என்று பாருங்கள். தொடர்கோடே அதிகம் கணித்தால், அந்த மூளைப் பகுதிக்கு நீங்கள் போட்ட வெட்டு வகையுளி. அங்கே அலகைத் தேடாமல் வேகத்தையும் கோணத்தையும் வைத்தே எழுதிவிடுங்கள்.

கால மாதிரியைத் தேர்ந்தவர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: குறைந்தது 5 முதல் 10 வேறுபட்ட தொடக்க விதைகளோடு (கணக்கைத் தொடங்கும் தற்செயல் எண்கள்) பொருத்தி, எல்லைகள் எத்தனை விழுக்காடு ஒரே ஃபிரேமில் விழுகின்றன என்று எண்ணுங்கள். லேபிள்கள் மாறினாலும் எல்லைகள் பெரும்பாலும் அசையாது. விதைக்கு விதை அசையும் எல்லைகளை நரம்புப் பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருத்துவதற்கு ஓர் இரவு கூடுதலாகும், அவ்வளவுதான்.